களாச்செடிக்குத் தலை வாரலாமா?

வா நைனா, குந்து. கையிலே என்னா அது, செவப்பா? ஒரு பக்கம் கைப்பிடி, இன்னொரு பக்கம் சீப்புப் பல்லு, நடுவிலே பொட்டி. வெளிநாட்டிலே பழம் பறிக்கிற சாமானா? ஆன்லைன்லே ஆர்டர் போட்டு, சிறுசேரி ஆபீஸ் வாசல்லே வந்து எறங்குச்சா? நல்லாத்தான் கீது. காசு உன்னுது, களா என்னுது. ரெண்டும் ஒத்துப்போவுதான்னு பார்த்துட்டு அப்பால பேசுவோம்.

சாமானை நான் கொறை சொல்ல மாட்டேன். யோசிச்சவன் மூளைக்காரன். இங்க குடு. பல்லெல்லாம் கம்பி. ரெண்டு பல்லுக்கு நடுவிலே இருக்கிற சந்து, பழத்தைவிடக் கொஞ்சம் கம்மி. செடிக்கு அடியிலே வுட்டு மேலாக்கத் தூக்கினா தண்டும் எலையும் சந்திலே நழுவிப் போயிடும். பழம் ஒண்டி மாட்டிக்கினு அறுந்து பொட்டிக்குள்ள உருளும். குனியசொல்லோ கொட்டிடப் போவுதுன்னு வாயிலே ஒரு மூடி வேற வெச்சிருக்கான். சுவீடன்லயும் பின்லாந்துலயும் கெழவிங்க இதைத்தான் தூக்கிக்கினு காட்டுக்குப் போறாங்க. உன் பெரியப்பன் மவன் அங்க வேலைக்குப் போனவன் வீடியோ அனுப்பினான், பார்த்தேன். செடி மொழங்காலுக்குக் கீழேதான் ஒசரம். முள்ளு கெடையாது, பால் கெடையாது. ஆடியிலே பில்பெரின்னு ஒரு நீலப்பழம், ஆவணி புரட்டாசியிலே லிங்கன்பெரின்னு ஒரு செவப்புப் பழம். பழுக்க ஆரம்பிச்சா காடு மொத்தமும் ஒண்ணாப் பழுக்குது. சும்மா வாரிக்கினே போலாம். வூட்டுக்கு வந்து காத்துலே தூத்தி எலை தழையைப் பிரிச்சா வேலை முடிஞ்சுது.

அமெரிக்காவிலே மெய்ன்னு ஒரு மாகாணம். அங்க புளூபெரி காட்டுச்செடியாவே தரையோட தரையாப் படர்ந்து கெடக்கு. அபிஜா டாபட்னு ஒருத்தர், நூறு வருஷத்துக்கு மேல ஆவுது, இதே சீப்பைக் கொஞ்சம் பெரிசாச் செஞ்சு குடுத்தாராம். இன்னிக்கும் கல்லும் பாறையுமா இருக்கிற கொல்லையிலே, டிராக்டர் போவாத எடத்திலே, ஆளுங்க முதுகை வளைச்சு அதாலதான் வார்றாங்க. ஆனா ஒண்ணைக் கவனி. அந்தக் கொல்லையை அவன் சும்மா வுட்டு வெக்கலே. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா நெருப்பு வெப்பான், இல்லாட்டி தரையோட வெட்டி வுடுவான். ஒரு வருஷம் தழையும், மறு வருஷம் காய்க்கும். செடி ஒசரமா வளர்ந்துடக் கூடாதுன்னு அவன் கண்ணும் கருத்துமா இருக்கான். அதாவது சீப்பு செடிக்குத் தோதா வந்துச்சு. அப்பால செடியும் சீப்புக்குத் தோதா இருக்க வேண்டியதாப் போச்சு. நீ சீப்பை ஒண்டி வாங்கிக்கினு வந்திருக்கே. செடியை யார்கிட்ட ஆர்டர் போட்டே?

அதே அமெரிக்காவிலே கிரான்பெரின்னு இன்னொண்ணு கீதாம். அதையும் முன்ன இப்படித்தான் சீப்பாலே வாரிக்கினு இருந்தாங்க. இப்ப வயலுக்குத் தண்ணி வுட்டு முக்கிட்டா, பழத்துக்குள்ள காத்தறை இருக்கிறதால எல்லாம் மேல மெதந்துடுது. ஓரமா ஒதுக்கி அள்ளிடறாங்க. நல்ல வேளை, அந்த வீடியோவை நீ பார்க்கலே. பார்த்திருந்தா மதுராந்தகம் ஏரி மதகைத் தொறக்கச் சொல்லி மனு எழுதியிருப்பே. அங்க ஏரி காத்த ராமர் இருக்கார், உன்னையும் கொஞ்சம் காப்பாத்துவார்.

சரி, இப்ப நம்ப கொல்லைக்கு வா. திருக்கழுக்குன்றத்திலேர்ந்து மாமல்லபுரம் போற ரோட்டுலே, பிளாட்டுக்காரன் கல்லு நட்டது போக மீதி இருக்கிற பாறை இடுக்குலே பாரு. அங்க நிக்குதே, அதான் சிறுகளா. ஊறுகாய்க்கு மார்க்கெட்டுலே விக்கிறாங்களே, செவப்பும் வெள்ளையுமாக் கொழுத்த களாக்காய், அது வேற. இது மொளகைவிடக் கொஞ்சம் பெரிசு, பழுத்தா கறுப்பு. அளவுன்னு பார்த்தா உன் சீப்புப் பல்லுக்கு அச்சாப் பொருந்தும். அதைப் பார்த்துத்தான் ஏமாந்துட்டே. அளவு பொருந்தினா எல்லாம் பொருந்தும்னு நெனைக்கிறவன் பொண்ணு பார்க்கக்கூடப் போவக் கூடாது.

ஒரு கெளையைக் கிட்ட வெச்சுப் பாரு. எலை எதிரும் புதிருமா ரெண்டு ரெண்டா நிக்குது, தோலு கணக்கா கெட்டி. எலைக்கு எலை நடுவிலே முள்ளு, அதுவும் ஜோடி. ஊசி நேரா நீட்டிக்கினு கீது, வளைவு கெடையாது. கெளை நேராப் போவாம கோணிக் கோணிப் போவுது, இன்னொரு கெளையிலே பூந்து வெளிய வருது. காம்புலே நாலஞ்சு பழம் கொத்தா இருக்கு. கொத்துலே ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செந்நீலம், மீதி மூணும் பச்சை. பச்சையைக் கிள்ளினா வெள்ளையாப் பால் வடியும். வெரல்லே பட்டா பிசினு, சோப்புக்கும் போவாது.

வுடு இப்ப உன் சீப்பை. மொத இழுப்புலே முள்ளு பல்லுக்கு நடுவிலே சிக்கும். ரெண்டாவது இழுப்புலே கெளையே மேல வரும், பழம் வராது. பலமா இழுத்தா வரும்: எலை ஒரு புடி, முள்ளு ரெண்டு, பச்சைக்காய் பத்து, பழம் ஒண்ணு. அந்த ஒண்ணும் நசுங்கியிருக்கும். பச்சைக்காய்ப் பாலு கம்பியிலே ஒட்டி, அதுமேல தூசி படிஞ்சு, பல்லு மொத்தமும் கோந்து போட்டு வெச்சாப்பலே ஆயிடும். இதுக்கு நடுவிலே செடி சும்மா இருக்குமா? இழுத்த வேகத்துலே வுட்டுச்சின்னா கெளை திரும்பி வந்து மூஞ்சியிலே அறையும். களாச்செடிக்குத் தலை வாரப் போனவன் நீதான் மொத ஆளு. அதுக்கு என்னா சிக்கெடுக்கவா வேணும்? அது பொறந்ததே சிக்காத்தான்.

அந்தப் பச்சைக்காய் பத்து இருக்கே, அதைத்தான் நான் பெரிசா நெனைக்கிறேன். உன் சட்டை கிழிஞ்சா வேற வாங்கிக்குவே. இன்னிக்குப் பச்சையா இருக்கிறது நாலு நாள் கழிச்சுப் பழம். உனக்கு அப்பால வர்ற பொம்பளைக்கு, அவளுக்கு அப்பால வர்ற சின்னான் குருவிக்கு, ராத்திரி வர்ற மரநாய்க்குன்னு முறை வெச்சுக் கெடக்கிற கொத்து அது. குருவி தின்னு எங்கியோ போயி எச்சம் போட்டாத்தான் அடுத்த களா மொளைக்கும். நீ ஒரே இழுப்புலே எல்லாத்தையும் பொட்டிக்குள்ள போட்டுக்கினு, வூட்டுக்குப் போயி குந்தி பச்சையைப் பொறுக்கிக் குப்பையிலே போடுவே. சீப்புக்குக் கண்ணு கெடையாது நைனா. அந்த ஊர்ச் செடி ஒண்ணாப் பழுக்கிறதால அங்க கண்ணு தேவைப்படலே. இங்க ஒவ்வொரு கொத்துலயும் ஒரு தபா பார்த்து முடிவு பண்ண வேண்டியிருக்கு. அதுக்குத் தோதான சாமான், கெளையைத் தொடணும். பழத்தைத் தொடக் கூடாது.

என்னா சாமானா? அது எந்தக் கம்பெனியும் விக்காது. மொழங்கை நீளத்துக்கு ஒரு குச்சி, நுனியிலே கவை. வேலிக்காத்தான்லே வேணாம், அதுக்கே முள்ளு. நொச்சியிலேயோ வேம்பிலேயோ வெட்டிக்க. இடது கையாலே கவையைக் கெளைமேல வெச்சு அமுக்கணும். அமுக்கினா உள்பக்கம் தெரியும். வெயில் படாத அந்தப் பக்கத்திலேதான் நல்ல பழம் ஒளிஞ்சிக்கினு இருக்கும், வெளிய இருக்கிறதெல்லாம் குருவி பார்த்துட்டுப் போனது. வலது கை கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் முள்ளுக்குப் பக்கவாட்டுலே போவணும், எதிர்க்கப் போவக் கூடாது. பழத்தைப் புடிச்சு இழுக்காதே. கொஞ்சம் திருகு. பழுத்ததுன்னா தானே கைக்கு வந்துடும், காம்புலே பால் கசியாது. எதிர்ப்புக் காட்டுதுன்னா அது இன்னும் காய், வுட்டுடு. இதைக் கத்துக்க ஒரு காலை போதும். என்னா, உன் ஆபீஸ்லே அதுக்கு ரெண்டு நாள் டிரெயினிங் வெச்சு, சர்ட்டிபிகேட்டும் குடுத்து, நடுவிலே சமோசாவும் போடுவான்.

சூரைப்பழம் பறிக்கப் போனா ஒண்டி வேற கணக்கு. சூரை முள்ளு கொக்கி. உள்ள வுடும், வெளிய வுடாது. அது புடிச்சா இழுக்காம, வந்த வழியே பின்னால போயி எடுக்கணும். பேங்க் லோன் எடுத்த உனக்கு இதை நான் சொல்லணுமா?

மரத்துப் பழத்துக்கு வர்றேன். நாவல்பழ கதை உனக்குத் தெரியும். மரத்து மேல மாடு மேய்க்கிற பையனா குந்தியிருந்த முருகன், கீழ நின்ன ஔவைப்பாட்டியைப் பார்த்து சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமான்னு கேட்டார். பாட்டி சுடாத பழம் கேட்டா. கெளையைக் குலுக்கினார், பழம் மண்ணுலே வுழுந்துச்சு, பாட்டி ஊதினா, பழம் சுடுதான்னு பையன் சிரிச்சான். ஊர் ஊராப் பெரியவங்க இதுலே ஞானம் எடுத்துட்டாங்க. எனக்கு இதுலே தெரியறது, பழம் பறிக்கத் தெரியாத ஒரு பையன். கீழ ஒரு வேட்டியை விரிச்சிருந்தா பழத்துலே மண்ணு ஒட்டுமா? பாட்டி தோத்திருப்பாளா? திருப்போரூர்லே போயி கந்தசாமிகிட்டயே நேராக் கேட்டுட்டேன். பதில் இல்லே. சாமி தப்பை ஒத்துக்கினா கோயில் என்னாத்துக்கு ஆவும்!

இன்னிக்கும் ஆனி ஆடியிலே நாவல் மரத்தடியிலே அதான் வேலை. தார்ப்பாயோ பழம்புடவையோ நாலு பேர் நாலு மூலையிலே தூக்கிப் புடிச்சுக்கணும், தரையிலே பரப்பக் கூடாது. தரையிலே பரப்பினா வுழுற பழம் அடிபட்டுத் தோல் வெடிச்சிடும், சாயங்காலத்துக்குள்ள புளிச்சு ஈ மொய்க்கும். தொங்கலாப் புடிச்சா துணி வாங்கிக்கும். மேல ஏறினவன் ஒரு கெளையை ஒண்டி குலுக்கணும், மரத்தையே ஆட்டக் கூடாது. அதுவும் நாவல் கெளை இருக்கே, பார்க்க தடியா நம்பிக்கையாத் தெரியும், படக்குனு முறிஞ்சிடும். சொல்லாம கொள்ளாம காலை வாரிடற மரம். தைரியசாலியா இருக்கிறவனை நாவல்லே ஏத்தாதே, பயந்தவனை ஏத்து. அவன்தான் அடிக்கெளையைத் தாண்ட மாட்டான். நுனியிலே இருக்கிறதுக்குத் தொரட்டி.

தொரட்டின்னதும் முழிக்காதே. நல்ல மூங்கில், கனம் கம்மியா, கணு நெருக்கமா. நுனியிலே ஒரு கொக்கி. கொடுக்காப்புளிக்கு வளைஞ்ச கம்பி போதும். மாங்காய்க்கும் முருங்கைக்கும் சின்னக் கத்தி வெச்சது வேணும். மாமல்லபுரத்திலே சிற்பிங்களுக்கு உளி அடிச்சு, முனை மழுங்கினதைக் காய்ச்சித் தொவைச்சுக் குடுக்கிற பட்டறை இருக்கு பாரு, அங்க கேட்டா அடிச்சுத் தருவாங்க. கருங்கல்லை வெட்டற உளிக்குப் பதம் வெக்கத் தெரிஞ்சவனுக்கு கொக்கி ஒரு வேலையா? பதம் எப்படின்னு கேட்டுட்டு வா. காய்ச்சின இரும்பு எந்த நெறத்துக்கு வர்றசொல்லோ தண்ணியிலே முக்கணும்னு அவர் கண்ணுக்குத்தான் தெரியும். தெர்மாமீட்டர் வேணுமான்னு கேட்டுத் தொலைக்காதே.

கொடுக்காப்புளி நம்ப ஊர் மரம்னு நெனைச்சிக்கினு இருக்கே, அது மெக்சிகோ பக்கத்திலேர்ந்து கடல் ஏறி வந்தது. வந்த எடத்துலே என்னா பண்ணிச்சு? முள்ளை வுடலே, நம்ப தொரட்டிக்குப் பழகிச்சு. சீப்பையும் ஆறு மாசம் ஊர்லே வெச்சிரு, அதுக்கும் ஒரு வேலை கெடைக்கும். கொக்கியைச் சுளையிலே மாட்டி இழுத்தா சுளை அந்து பாதி மரத்துலயே நிக்கும். காம்புக்கு மேல மாட்டி, மூங்கிலைக் கையிலே உருட்டணும். கீழ உருட்டினா மேல திருகும். தொரட்டி புடிக்கிற வித்தை மொத்தமும் இந்த உருட்டல்லே கீது. கழுத்து வலிக்கும். அண்ணாந்து நிக்கறசொல்லோ வாயை மூடிக்கோ. ஏன்னு கேட்டா, கட்டெறும்பு சொல்லும்.

ஒண்ணு, இதுலே வெளையாட்டு இல்லே. உன் போன்லே அடுத்தாப்பலே அலுமினியக் கோல் காட்டும். இழுத்தா நீளும், கையடக்கம், நுனியிலே கூடை, கலர் கலரா. வாங்காதே. நம்ப கொல்லை மேல மின்சாரக் கம்பி போவுது. மாங்கா பறிக்கிறேன், பலா பறிக்கிறேன்னு இரும்புக் கோலையும் அலுமினியக் கோலையும் தூக்கிக் கம்பியிலே வெச்சவங்க சேதி பேப்பர்லே வந்துக்கினே இருக்கு. மூங்கிலும் காய்ஞ்சிருந்தாத்தான் நம்பலாம். மழையிலே நனைஞ்ச மூங்கிலும் கரண்டைக் கடத்தும். கம்பி பக்கத்துலே இருக்கிற பழம் காக்காவுக்குன்னு எழுதி வெச்சிடு. எட்டாத பலாக்காயைவிட எட்டுற களாக்காய் மேல்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

சாமானைப் பத்திச் சொல்லணும்னா இருளருங்களைச் சொல்லாம இருக்க முடியாது. நீ வெள்ளிக்கெழமை ராத்திரி ஈ.சி.ஆர்.லே கார்லே பறக்கிறியே, வடநெம்மேலியிலே முதலைப் பண்ணை வரும். அதுக்குள்ளதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972-லே வனவிலங்குச் சட்டம் வந்துச்சு, பாம்புத் தோல் ஏவாரம் நின்னு போச்சு, ஜனங்க வயித்துக்கு வழியில்லாம நின்னாங்க. 1978-லே இந்தச் சங்கம் வந்துச்சு. பாம்பைக் கொல்லாம புடிச்சு, வெஷம் எடுத்து, திரும்பக் கொண்டாந்து வுடறாங்க. பாம்புக்கடி மருந்துக்கு அந்த வெஷம்தான் ஆதாரம். அவங்க கையிலே என்னா இருக்கும்னு பார்த்திருக்கியா? ஒரு கடப்பாரை. வளை தோண்ட, கெழங்கு தோண்ட, எலி தோண்ட, எல்லாத்துக்கும் அதான்.

2016-லே அமெரிக்காவிலே புளோரிடாவிலே பெரிய போட்டி வெச்சாங்க. பர்மா மலைப்பாம்பு பெருகி, அங்க இருக்கிற முயலு மானையெல்லாம் முழுங்கிடுச்சாம். ஆயிரம் பேருக்கு மேல பேர் குடுத்து, வண்டி, வெளக்குன்னு ஒரு மாசம் தேடி, 106 பாம்பு புடிச்சாங்க. அடுத்த வருஷம் ஜனவரியிலே நம்ப செங்கல்பட்டு ஜில்லா ஆளுங்க ரெண்டு பேரை வரவழைச்சாங்க. மாசி சடையன், வடிவேல் கோபால். கையிலே ஒரு இரும்புக் கம்பி. ரெண்டு வாரம் ஆவறதுக்குள்ள 13 பாம்பு. அதுலே ஒண்ணு பதினாறு அடி. கம்பி புல்லை வெலக்கத்தான். பாம்பைக் கண்டுபுடிச்சது கண்ணு. தடத்தைப் பார்ப்பாங்க, எச்சத்தைப் பார்ப்பாங்க, புல்லு சாஞ்சிருக்கிறதைப் பார்ப்பாங்க. 2023-லே ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. அந்தக் கம்பியைப் பார்த்துட்டு எவனாவது அதே கம்பியை ஆன்லைன்லே வித்திருப்பான். நீயும் ஒண்ணு வாங்கியிருப்பே.

இருளருங்க வூட்டுப் பொம்பளைங்ககிட்டதான் நீ பழம் பறிக்கக் கத்துக்கணும். தண்டரையிலே 1986-லேர்ந்து இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் கீது. மூலிகை நாத்து வளர்க்கிறாங்க, மருந்துச் சாமான் செய்யறாங்க. எந்தப் பழம் எந்த மாசம், எந்தப் புதர்லே எது தின்னக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சது நம்ப யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு. காப்புக்காடுன்னு போர்டு வெச்ச எடத்துலே அவங்க பொறுக்கறதுக்கு 2006-லே வந்த வன உரிமைச் சட்டம் ஒரு வழி வெச்சிருக்கு. உனக்கும் எனக்கும் அங்க வழி கெடையாது. தலையாரியா இருந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ. சீப்போட உள்ள போனா வனத்துறை ஜீப்புலே வெளிய வருவே.

அந்தப் பின்லாந்துலே பாரு, யார் காட்டுலயும் யார் வேணா போயி பழம் பறிச்சுக்கலாம்னு பழைய வழக்கம் கீதாம். சொந்தக்காரன் கேக்க மாட்டான். பறிச்சு வித்த காசுக்கு வரிகூட இல்லையாம். கேக்கவே நல்லாருக்கு இல்லே? ஆனா அந்தப் பழத்தை யாரு பறிக்கிறான்னு பாரு. ஆயிரக்கணக்கிலே தாய்லாந்து ஜனங்களைக் கூட்டியாந்து, அதே சீப்பைக் கையிலே குடுத்து, நாள் பூராக் குனிய வுட்டாங்க. பழம் கம்மியான வருஷம் கடனோட திரும்பிப் போனவங்க உண்டு. அதுலே வழக்காகி, கம்பெனி ஆளுங்க கோர்ட்டுலே நின்ன கதையும் உண்டு. உன் சீப்புப் படத்துலே சிரிச்சிக்கினு நிக்குதே ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, அவ சாப்பிடற ஜாமுக்குக் குனிஞ்ச முதுகு வேற. இங்க நம்ப ஊர்லே அந்த வம்பு இல்லே. என் கொல்லைக் களாவை நீ தொட்டா நான் கேப்பேன், நான் தொட்டா பக்கத்துக் கொல்லைக்காரன் கேப்பான். கேக்க ஆள் இல்லாத பொறம்போக்கு ஒண்ணு இருந்துச்சு, அதுலே இப்ப நீச்சல் குளம் வெட்டிட்டாங்க.

உன் கூட்டாளிங்க சனி ஞாயிறு ஆனா இயற்கை, மரபு, பாரம்பரியப் பழம்னு பேசிக்கினு வர்றாங்களே, அவங்களையும் கூட்டியா. மொதல்லே மாமல்லபுரத்துலே அர்ச்சுனன் தபசுப் பாறைக்குக் கூட்டிப் போ. யானைக்குக் கீழ ஒரு பூனை கையைத் தலைக்கு மேல தூக்கிக்கினு தவம் பண்ணும். எலிங்க அதை நம்பிச் சுத்தி நிக்கும். ஆயிரத்து முந்நூறு வருஷமா நிக்குது, இன்னும் ஒரு எலியும் உஷாராவலே. அதுக்கு முன்னாடி நின்னு செல்பி எடுத்துக்கங்க. அப்பால களாக்கொல்லைக்கு வாங்க. தவத்துலே எது கையைக் கீழ எறக்குதுன்னு நான் பார்த்துக்கினு இருப்பேன்.

மாசக் கணக்கு சொல்றேன், போன்லே அடிச்சுக்கோ. தை மாசியிலே எலந்தை, குலுக்கினா போதும், சாமானே வேணாம். மாசி பங்குனியிலே கொடுக்காப்புளி, தொரட்டி. சித்திரை வைகாசியிலே பாலைப்பழம், அது மஞ்சளாச் சின்னதா இருக்கும், தேன். ஆனா பத்துக்கு மேல தின்னா ஒதடு ஒட்டிக்கும், பேச வராது. உன் பொஞ்சாதிக்கு நெறைய குடு, எனக்கும் ரெண்டு நாள் நிம்மதி. வைகாசியிலேர்ந்து களா, கவைக்குச்சி. ஆனி ஆடியிலே நாவல், துணியும் பயந்தாங்கொள்ளியும். அதே ஆனியிலே ஈச்சம்பழம், குலையோட அருவாளாலே, ஓலை நுனி கண்ணுலே குத்தாம பார்த்து. மார்கழிக்கு சூரை, பொறுமை.

வர்றசொல்லோ முழுக்கை சட்டை போட்டுக்கினு வா. அரை டவுசர் வேணாம், உன் மொழங்காலை களாவுக்கு அறிமுகம் பண்ணத் தேவையில்லே. வெடியக்காலையிலே வா, வெயில் ஏறினா பழம் சூடாயி கையிலே நசுங்கும், புதர் நெழல்லே கண்ணாடி விரியனும் வந்து படுத்துக்கும். கவையாலே மொதல்லே அடித்தூரைத் தட்டு, அப்பால கையை வுடு. வாளி வேணாம், வாயகன்ற கூடை கொண்டா; ஆழமா அடுக்கினா அடிப்பழம் ஜூஸ் ஆயிடும். கல்லுப்பும் மொளகாத்தூளும் பொட்டலம் கட்டிக்கினு வா.

சீப்பை எடுத்துக்கினு கெளம்பாதே, அது இங்க இருக்கட்டும். உன் பாட்டி அடுப்பாங்கரையிலேர்ந்து ரொம்ப நேரமா எட்டி எட்டிப் பார்த்துக்கினு இருந்தா, கவனிச்சியா? இப்ப பொட்டியைத் தூக்கிக்கினு உள்ள போயிட்டா. முருங்கைக் கொத்தைப் பல்லுலே வுட்டு ஒரே இழுப்பு, கீரை மொத்தமும் பொட்டிக்குள்ள. காம்பு ஒண்டி கையிலே நிக்குது. இத்தினி வருஷமா ராத்திரி சீரியல் முடியற வரைக்கும் குந்தி உருவிக்கினு இருந்தவ. இன்னிக்குச் சாயங்காலமே அடை போடறாளாம். இருந்து சாப்பிட்டுட்டுப் போ. பக்கத்து வூட்டுக்காரி நாலு பேர் கேட்டுட்டாங்க, இன்னும் நாலு சீப்புக்கு ஆர்டர் போட்டுடு. காசு? அதான் களா தர்றேனே.